பனிமலைக்குப் போகிறவர் என்ன உடுத்துவது?

பருத்தியின் பெருமையை நம் நாட்டாருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ராட்டையும் தறியும் நம் சுதந்திர சரித்திரத்தில் வகித்த ஸ்தானத்தைச் சிறு குழந்தையும் அறியும். சித்திரை மாதத்து வெய்யிலில் ஒரு கதர்ச் சட்டையும் நாலு முழ வேஷ்டியும் தரும் சுகத்தை வேறு எந்தத் துணி தரப் போகிறது? அப்படியிருந்தும், இந்தக் கட்டுரையை நாம் ஒரு கசப்பான வார்த்தையோடுதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. பனியில் ஸ்கீ சறுக்கவோ, பனி மூடிய மலைப்பாதையில் நடக்கவோ புறப்படுகிறவர், உடம்பை ஒட்டி அணியும் பருத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும்.

இதை இப்போது சொல்லக் காரணம் உண்டு. காஷ்மீரத்தில், கடல் மட்டத்துக்குச் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில், குல்மார்க் என்ற மலைப் புல்வெளி இருக்கிறது. 1927ஆம் வருஷம் பிரிட்டிஷார் அங்கே ஸ்கீ சங்கம் ஒன்றை ஸ்தாபித்தபோது, அது துரைமார்களின் குளிர்கால உல்லாசமாக மட்டுமே இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்த பிறகு, நம் சர்க்காரே அங்கே பனிச்சறுக்குக் கல்விச்சாலை ஒன்றை ஏற்படுத்தியது. 1998இல் கம்பிவடத் தொட்டியின் முதற்பகுதியும், 2005இல் அதன் இரண்டாம் பகுதியும் ஓடத் தொடங்கின. இன்று சீட்டு வாங்கிய எவரும் அபர்வத் மலையின் தோளில் சுமார் 3,950 மீட்டர் உயரம் வரை உட்கார்ந்தபடியே போய் இறங்கலாம். 2022இல் பீஜிங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் பந்தயத்தில் நம் தேசத்தின் சார்பில் தனி ஒருவராகக் கலந்துகொண்ட ஆரிப் கான், இந்தக் குல்மார்க் சரிவுகளில் பழகியவர்தான்.

ஆக, துரைமார்களின் விளையாட்டு நம்முடையதாகிவிட்டது. இது சந்தோஷமான விஷயமே. ஆனால் மலைக்குப் போகும் பெட்டியில் என்ன வைப்பது என்பதில் மட்டும் நாம் இன்னும் சமவெளி மனிதர்களாகவே இருக்கிறோம். நாலு பருத்தி பனியன், ஒரு ஜீன்ஸ், எல்லாவற்றுக்கும் மேலாக மிகத் தடிப்பான ஒரு கோட்டு. இத்துடன் ஏற்பாடு பூர்த்தியாகிவிட்டதென்று எண்ணுகிறோம். இந்த எண்ணம் எங்கே தவறுகிறது என்று பார்ப்போம்.

குளிரைவிடப் பெரிய பகை

பனிமலையில் மனிதனுக்கு முதல் பகை குளிர் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் குளிரைவிடக் கொடிய பகை ஈரம். காற்று உஷ்ணத்தை எளிதில் கடத்தாது; தண்ணீரோ காற்றைக் காட்டிலும் சுமார் 25 மடங்கு வேகமாகக் கடத்திவிடும். உலர்ந்த துணியின் இழைகளுக்கிடையே அடைபட்டிருக்கும் காற்றுதான் நம்மைக் காப்பாற்றுகிறது. அந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால், போர்வையாக இருந்த துணியே தேகத்தின் சூட்டை வெளியே கொண்டுபோகும் வாய்க்காலாகிவிடுகிறது.

அந்த ஈரம் வானத்திலிருந்துதான் வரவேண்டுமென்பதில்லை. ஸ்கீ சறுக்குகிறவருக்கும் மலை ஏறுகிறவருக்கும் அது அவர்கள் தேகத்திலிருந்தே வருகிறது. அரைமணி நேரம் சரிவில் விழுந்து எழுந்தால் முதுகு முழுவதும் வேர்த்துவிடும். திருப்பூர்ப் பனியனின் சிறப்பே வேர்வையை உறிஞ்சிக்கொள்வதுதான். நம் ஊரில் அது ஆவியாகி உடம்பைக் குளிர வைக்கிறது. அதே குணம் மலைமேல் ஆபத்தாகிறது. உறிஞ்சிய வேர்வையைப் பருத்தி எளிதில் விடுவதில்லை. பிறகு தொட்டியில் ஏறி மேலே போகிறோம். 1,000 மீட்டர் ஏறினால் உஷ்ணம் ஏறக்குறைய ஆறு டிகிரி குறையும். கீழே உறைநிலையில் இருந்தால், மேலே மைனஸ் எட்டு. அதோடு காற்றும் சேர்ந்துகொள்ளும். நனைந்த பனியனோடு அங்கே நிற்பவருக்கு மேலே எத்தனை விலையுள்ள கோட்டு இருந்தும் பயனில்லை.

நம்பாதவர்கள் வீட்டிலேயே ஒரு பரீட்சை செய்து பார்க்கலாம். ஒரு பருத்தித் துணியையும் ஒரு கம்பளித் துணியையும் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, ஒவ்வொரு கையில் ஒன்றாகச் சுற்றிக்கொண்டு, மின்விசிறியின் கீழே பத்து நிமிஷம் உட்காரட்டும். எந்தக் கை முதலில் சில்லிடுகிறது என்பதைப் பார்த்த பிறகு நம் உபதேசம் தேவைப்படாது. கம்பளி இழை, தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொடுவதற்கு நனைந்ததுபோல் தோன்றாது.

இது விளையாட்டுக்காரர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயம் அல்ல. 1962 அக்டோபரில் நாம்கா சூ ஆற்றங்கரையில் சீனப் படையை எதிர்த்து நின்ற நம் ஜவான்களில் பலர், கோடைக்காலப் பருத்திச் சீருடையும் கான்வாஸ் ஜோடுமே அணிந்திருந்தார்கள். அவர்களுடைய வீரத்தில் குறைவில்லை. அவர்களுக்கு அளிக்கப்பட்ட துணியில்தான் குறைவு. 2020 பிப்ரவரியில் பார்லிமெண்டில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கையும், உயர்ந்த மலைகளில் காவல் புரியும் வீரர்களுக்குப் பனிக்கண்ணாடியும் பூட்ஸும் உரிய காலத்தில் போய்ச் சேரவில்லை என்று குறை கூறியது. மலைக்கு என்ன உடுத்துவது என்பது ஆடம்பரக் கேள்வி அல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

மூன்று அடுக்குகள்

அப்படியானால் என்னதான் அணிவது? ஒரே தடித்த கோட்டுக்குப் பதிலாக மூன்று மெல்லிய அடுக்குகள் என்பதே அனுபவசாலிகளின் விடை.

முதல் அடுக்கு தோலை ஒட்டியது. அதன் வேலை வேர்வையைத் தோலிலிருந்து அப்புறப்படுத்துவது. மெரினோ என்னும் நயமான கம்பளியாலோ பாலியெஸ்டராலோ ஆன முழுக்கைச் சட்டையும் கணுக்கால் வரை நீண்ட கால்சட்டையும் இதற்கு ஏற்றவை. பாலியெஸ்டர் சீக்கிரம் உலரும், விலையும் குறைவு. ஆனால் இரண்டாம் நாளே நாற்றமெடுக்கும். மெரினோ அப்படி நாறுவதில்லை, விலைதான் அதிகம்.

இரண்டாவது அடுக்கின் வேலை காற்றைச் சிறைப்பிடித்து உஷ்ணத்தைக் காப்பது. நம் வீட்டில் பின்னிய கம்பளி ஸ்வெட்டரே இதற்குப் போதும். ப்ளீஸ் என்னும் பஞ்சுபோன்ற செயற்கைத் துணி இன்னும் இலேசானது. வாத்தின் மெல்லிறகு அடைத்த சட்டை எடைக்கு எடை எல்லாவற்றையும்விடக் கதகதப்பானது. ஆனால் நனைந்தால் இறகு ஒட்டிக்கொண்டு பயனற்றதாகிவிடும். ஓயாமல் விழுந்து எழும் புதியவருக்கு ப்ளீஸே மேல்.

இறகுச் சட்டைக்கு ஒரு ருசியான சரித்திரம் உண்டு. 1922இல் எவரெஸ்டுக்குச் சென்ற பிரிட்டிஷ் கூட்டத்தில் ஜார்ஜ் பிஞ்ச் என்ற ரசாயன சாஸ்திரி இருந்தார். மற்றவர்கள் கம்பளிக் கோட்டுகளோடு வந்திருக்க, அவர் ஆகாயக் கூண்டுத் துணிக்குள் வாத்திறகை அடைத்துத் தைத்த அங்கியோடு வந்து சேர்ந்தார். கூட்டத்தார் பரிகாசம் செய்தார்கள். குளிர் முற்றியதும் பரிகாசம் நின்றது. பிராணவாயுவின் உதவியோடு பிஞ்ச் 8,300 மீட்டருக்கு மேல் ஏறினார். அதற்கு முன் எந்த மனிதரும் அவ்வளவு உயரம் ஏறியதில்லை. அதே பிஞ்ச் 1952 முதல் 1957 வரை புனாவில் நம் தேசிய ரசாயன ஆராய்ச்சிசாலையின் தலைவராக இருந்தார் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

மூன்றாவது அடுக்கு காற்றையும் பனியையும் தடுக்கும் மேலுறை. வெளித் தண்ணீரை உள்ளே விடாமல், உள்ளே எழும் வேர்வை ஆவியை மட்டும் வெளியேற்றும் துணி இதற்கு வேண்டும். 1969இல் பாப் கோர் என்ற அமெரிக்கர் ஒரு வழுவழுப்பான பிளாஸ்டிக்கைச் சடக்கென்று இழுத்து, கோடிக்கணக்கான நுண்துளைகள் கொண்ட படலமாக்கினார். அந்தத் துளைகள் நீர்த்துளிக்கு மிகச் சிறியவை, நீராவிக்கோ தாராளமானவை. கோர்டெக்ஸ் என்று பெயர் பெற்றது அதுதான். இன்று பல கம்பெனிகள் இதைப் போன்ற துணிகளைச் செய்கின்றன. உறையில் தைத்த சீட்டில் 10,000 மில்லிமீட்டர் என்றோ 20,000 மில்லிமீட்டர் என்றோ போட்டிருக்கும். துணியின்மேல் அவ்வளவு உயரத் தண்ணீர் நின்றாலும் கசியாது என்பது அதன் பொருள். சாதாரண ஸ்கீ பிரயாணத்துக்கு 10,000 போதும். தையல்களின்மேல் உட்புறம் நாடா ஒட்டியிருக்கிறதா, அக்குளில் திறந்து மூடும் ஜிப் இருக்கிறதா என்று பார்ப்பது, எண்ணைப் பார்ப்பதைவிட முக்கியம்.

இன்னொரு சங்கதி. புதிதாகப் பழகுகிறவர் ஸ்கீயின்மேல் நிற்கும் நேரத்தைவிடப் பனியில் உட்கார்ந்திருக்கும் நேரமே அதிகம். ஆகவே கோட்டுக்கு இருக்கும் மரியாதையைக் கால்சட்டைக்கும் கொடுக்க வேண்டும். ஜீன்ஸ் பருத்திதான், நனைந்தால் மாலைவரை உலராது. சகோதரிகள் புடவையின்மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு பனியில் இறங்குவதையும் பார்க்கிறோம். கொசுவத்தின் அடிப்பாகம் பனியை உறிஞ்சி முழங்கால் வரை ஏற்றிவிடும். கால் தடுக்கவும் செய்யும். பனியில் இருக்கும் அந்த நாலு மணி நேரத்துக்காவது கம்பளிக் கால்சட்டையும் மேலுறையும் அணிவது நலம்.

கதருக்குத் துரோகம் செய்யச் சொல்லுகிறோமோ என்று எவரும் எண்ண வேண்டாம். கதர் என்றால் பருத்தி மட்டுமல்ல. 1956ஆம் வருஷத்துச் சட்டமே, கையால் நூற்ற பட்டு, கம்பளி நூல்களைக் கைத்தறியில் நெய்த துணியையும் கதர் என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. ஹிமாசலத்தில் ஆடு மேய்க்கும் கத்தி இனத்தார், கம்பளி அங்கியை இடுப்பில் நீண்ட கம்பளிக் கயிற்றால் இறுக்கிக்கொண்டு கணவாய்களைக் கடக்கிறார்கள். காஷ்மீரத்தாரின் பெரன் அங்கி தளதளவென்று தொங்குவதும் காரணத்தோடுதான். உள்ளே காற்றுக்கு இடம் வேண்டும். அடுக்கு, தளர்ச்சி, கம்பளி ஆகிய மூன்றையும் மலைவாசிகள் கம்பெனிகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

பாதத்துக்கே முதற் செலவு

பணத்தை எதற்கு முதலில் செலவிடுவது என்று கேட்டால், பாதத்துக்கு என்போம். ஸ்கீ பூட்ஸின் அளவு, பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் குறிப்பது. ஆகவே புறப்படுமுன் சுவரில் குதிகாலை வைத்து நின்று, தரையில் பெருவிரல் நுனிவரை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். பூட்ஸை மாட்டி நிமிர்ந்து நின்றால் விரல் முன்பக்கத்தைத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் விரல் விலகிக் குதிகால் பின்னே அழுந்த வேண்டும். குதிகால் மேலே எழும்பினால் அந்த பூட்ஸ் பெரிது. தளர்ச்சியாக இருந்தால் சுகம் என்று பெரிய பூட்ஸைக் கேட்டு வாங்குகிறவருக்குச் சறுக்கும் கட்டை சொன்ன பேச்சைக் கேட்காது.

குளிருக்கு அஞ்சி இரண்டு மூன்று காலுறைகளைப் போட்டுக்கொள்வது மிகப் பொதுவான பிழை. நெருக்கத்தால் ரத்த ஓட்டம் குறைந்து, பாதம் அதிகமாகவே சில்லிடும். முழங்கால்வரை நீண்ட, மெல்லிய கம்பளிக் காலுறை ஒன்றே போதும். இரவில் அணிவதற்கென்று உலர்ந்த ஜோடி ஒன்று தனியாக இருக்கட்டும்.

பூட்ஸையும் ஸ்கீயையும் இணைக்கும் பூட்டு, விழும்போது தானாக விடுபட வேண்டும். விடுபடாவிட்டால் முழங்காலுக்கு ஆபத்து. தேவையின்றி விடுபட்டாலும் ஆபத்து. அதன் இறுக்கத்தை எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், பழக்கம் ஆகியவற்றைப் பார்த்துக் கடைக்காரர் திருப்ப வேண்டும். அவர் கேட்காவிட்டால் நாமே சொல்ல வேண்டும். இந்த இடத்தில் எடையைக் குறைத்துச் சொல்வதும் திறமையைக் கூட்டிச் சொல்வதும் எலும்போடு விளையாடுவதாகும். ஸ்கீயின் உயரம், புதியவருக்கு மோவாய்க்கும் மூக்குக்கும் இடையே இருந்தால் போதும்.

இரண்டு பாதங்களையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் சறுக்குவது ஸ்னோபோர்டு. அதன் பூட்ஸ் மிருதுவானது, நடக்கச் சௌகரியம். ஆனால் விழும்போது கையை ஊன்றுவதால் புதியவர்களுக்கு மணிக்கட்டு முறிவது சாதாரணம். பலகையை வாடகைக்கு எடுக்கும்போது மணிக்கட்டுக் காப்பையும் மறக்காமல் கேட்க வேண்டும்.

உத்தரகண்டத்தில் சுமார் 3,800 மீட்டர் உயரமுள்ள கேதார்கண்டா போன்ற சிகரங்களுக்குக் குளிர்காலத்தில் நடந்து ஏறுகிறவர்களுக்குச் சறுக்குக் கட்டை வேண்டாம், பூட்ஸ்தான் சகலமும். இறக்கத்தில் விரல்கள் முன்னே நெருக்கப்படுவதால், வழக்கமான அளவைவிட அரை அளவாவது பெரிதாக வாங்க வேண்டும். புதிய பூட்ஸோடு நேரே மலைக்குப் போகாமல், இரண்டு வாரமாவது ஊரில் அணிந்து பழக்க வேண்டும். உறைந்த பாதைக்குப் பூட்ஸின் அடியில் மாட்டும் முள் சங்கிலியும், பனி உள்ளே விழாமல் பூட்ஸையும் கெண்டைக்காலையும் சேர்த்து மூடும் உறையும் அவசியம். நடப்பவருக்கு மற்றொரு விதி உண்டு: வேர்க்கும் முன்னே ஓர் அடுக்கைக் கழற்று, நடுங்கும் முன்னே ஓர் அடுக்கை அணி.

கண், தலை, கை

பனிமலையில் குளிரை நினைக்கும் நாம் சூரியனை மறந்துவிடுகிறோம். 1,000 மீட்டர் ஏறினால் ஊதாக்கடந்த கிரணங்கள் சுமார் பத்துச் சதவிகிதம் அதிகரிக்கும். புதுப்பனி அவற்றில் எண்பது சதவிகிதம் வரை திருப்பி அனுப்பும். ஆகவே மேலிருந்தும் கீழிருந்தும் தாக்குதல். கண்ணாடியின்றி ஒரு பகல் இருந்தால், அன்றிரவு கண்ணில் மணல் கொட்டியதுபோல் எரிந்து பார்வை மங்கிவிடலாம். கறுப்பாக இருந்துவிட்டால் மட்டும் போதாது. அந்தக் கிரணங்களைத் தடுக்கும் சக்தி கண்ணாடிக்கு உண்டா என்று பார்க்க வேண்டும். வெய்யில் நாளுக்கு மூன்றாம் ரகம், மேகமூட்டத்துக்கு முதலாம் ரகம் என்று அதன் சட்டத்திலேயே எண் போட்டிருக்கும்.

தலைக்குக் கம்பளிக் குல்லாயைவிடக் கவசமே நல்லது. ஈ.என். 1077 என்னும் முத்திரை உள்ளதாகப் பார்த்து, கீறலோ பிளவோ இல்லையென்று சோதித்து எடுக்க வேண்டும். கழுத்தில் நீண்ட மப்ளர் வேண்டாம். தொங்கும் நுனி மேலே இழுக்கும் கம்பியில் சிக்கலாம். குழல்போன்ற கழுத்துறை உத்தமம். கைக்கு, விரல்கள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும் பை போன்ற கையுறை, ஐந்து விரல் கையுறையைவிடக் கதகதப்பானது. பின்னிய பருத்திக் கையுறை முதல் விழுதலிலேயே நனைந்துவிடும்.

வாங்குவதும் வாடகைக்கு எடுப்பதும்

இத்தனையும் வாங்க நாம் என்ன ஜமீன்தார்களா என்று வாசகர்கள் கேட்கலாம். வாங்க வேண்டியதில்லை. தோலைத் தொடுவதை வாங்கு. பனியைத் தொடுவதை வாடகைக்கு எடு. இதுவே எளிய சூத்திரம். உள்ளாடை, காலுறை, கையுறை, கண்ணாடி ஆகியவை சொந்தமாக இருக்கட்டும். இவை பல வருஷங்கள் உழைக்கும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும்கூட உதவும். ஸ்கீ, பூட்ஸ், தடிகள், கவசம், மேலுறை ஆகியவை குல்மார்க்கிலும் மணாலியிலும் வாடகைக்குக் கிடைக்கின்றன. அவற்றை முதல் நாள் மாலையே போய்ச் சாவகாசமாகப் போட்டுப் பார்க்க வேண்டும். காலையில் வழிகாட்டி அவசரப்படுத்தும்போது எடுத்த பூட்ஸ், மாலையில் கொப்புளமாகப் பதில் சொல்லும்.

ஒரே ஒரு விஷயத்தில் சிக்கனமும் உதவாது, செலவும் உதவாது. குல்மார்க்கில் காவலும் குறியீடும் உள்ள பாதைகளை விட்டு விலகி, தொடாத பனியில் சறுக்க ஆசைப்படுகிறவர்கள் பலர். 2023 பிப்ரவரி 1ஆம் தேதி அபர்வத் சரிவில் இறங்கிய பனிச்சரிவில், போலந்து நாட்டிலிருந்து வந்த இருவர் உயிரிழந்தார்கள். அங்கே போகிறவர் ஒவ்வொருவரிடமும் சமிக்ஞைக் கருவி, குத்திப் பார்க்கும் நீளக்கம்பு, மடக்கு மண்வெட்டி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். பனிக்குள் முழுவதும் புதைந்தவர்களில், பத்து நிமிஷத்துக்குள் எடுக்கப்பட்டால் பத்தில் சுமார் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரைமணி ஆகிவிட்டால் பிழைப்பவர் மூன்றில் ஒருவரே. அந்தப் பத்து நிமிஷத்துக்குள் தேட வேண்டியவர்கள் கூட வந்த நண்பர்கள்தான். ஆகவே கருவியைப் பையில் வைத்திருப்பது போதாது; அதை உபயோகிக்கப் பழகியிருக்க வேண்டும். பழகாதவருக்குக் குறியிட்ட பாதையே பாதை.

மலை யாருடைய செல்வத்தையும் பார்ப்பதில்லை. உலர்ந்த தேகமும், பொருந்திய பூட்ஸும், மறைத்த கண்ணும் இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது. இவற்றைச் சரிபார்த்துக்கொண்டு நம் இளைஞர்களும் யுவதிகளும் தாராளமாக இமயத்துக்குப் போகட்டும். அது நம்முடைய மலை. பருத்தி கோபித்துக்கொண்டு எங்கும் போய்விடாது. ஊர் திரும்பி சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கியதும் அடிக்கும் அனலில், பெட்டியின் அடியில் மடித்து வைத்திருக்கும் வெள்ளை வேஷ்டியின் அருமை முன்னைவிட நன்றாகவே தெரியும்.